ஐடிஐ முடிச்சாச்சு, அப்ரெண்டிஸும் முடிச்சாச்சு... அடுத்து என்ன? நெய்வேலி சொல்லும் 70 ஆண்டுக் கணக்கு

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இருக்கும் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் இருந்தால், இந்த ஃபார்வர்டைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "என்எல்சி-யில் அப்ரெண்டிஸ் அறிவிப்பு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர், வயர்மேன். உடனே ஷேர் பண்ணுங்க." கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கேள்வி வந்துவிடும்: "அண்ணா, இது பெர்மனன்ட்டா?"

இல்லை. பெரும்பாலும் ஒரு வருடப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, கடைசியில் ஒரு சான்றிதழ். சட்டப்படி அதோடு முடிந்தது.

அப்படியானால் ஏன் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வருகிறது? விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலம், பயிற்சி, வேலை மூன்றும் ஒரே வாக்கியத்தில்தான் பேசப்பட்டு வந்திருக்கின்றன. நிலம் போனால் வேலை வரும், வேலைக்கு முன்னால் பயிற்சி வரும் என்பது அங்கே இரண்டு, மூன்று தலைமுறையின் கணக்கு. அந்தக் கணக்கு எப்படி உருவானது, எங்கே உடைந்தது, இப்போது ஐடிஐ படிக்கிற ஒருவருக்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது? பார்க்கலாம்.

ஊருக்கு முன்னால் வந்த சுரங்கம்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டபோது கறுப்பாக ஏதோ கலந்து வந்தது என்பது நெய்வேலியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதுதான் லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. பிறகு ஆய்வுகள் நடந்தன. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஒரு நிறுவனமாகப் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்ட்டில்தான் லிக்னைட் படுகை கண்ணில் பட்டது. 1962-ல் முதல் அனல்மின் அலகு ஓட ஆரம்பித்தது.

தேதிகளைக் கவனித்தீர்களா? மண்ணைத் தோண்ட ஆரம்பித்து லிக்னைட்டைப் பார்க்கவே நாலு வருடம் ஆகியிருக்கிறது. காரணம், நெய்வேலி சுலபமான சுரங்கம் கிடையாது. மேலே இருக்கும் கடலூர் மணற்கல் இயந்திரத்தின் பல்லையே தேய்த்துவிடும் அளவுக்குக் கடினமானது. கீழே லிக்னைட்டுக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாக பம்ப் ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும்.

இதற்காக ஜெர்மனியில் இருந்து பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் வந்தன. ராட்டினம் மாதிரி சுற்றும் சக்கரம், அதன் விளிம்பில் நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும் வாளிகள். வெட்டிய மண் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கன்வேயர் பெல்ட்டில் போகும். அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் ஒன்றியத்தின் உதவி. திட்ட ஆலோசனைக்கு பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம்.

இயந்திரம் கப்பலில் வந்துவிடும். அதை ஓட்ட, பல் மாற்ற, பெல்ட் ஒட்ட, பம்ப் கழற்றிப் பூட்ட ஆள் எங்கிருந்து வருவார்? அன்றைய தென்னாற்காடு மாவட்டம் நிலக்கடலை, நெல், முந்திரி, பலா என்று வாழ்ந்த மாவட்டம். அதனால் நெய்வேலியில் தொழிற்பயிற்சி ஒரு நலத்திட்டமாகத் தொடங்கவில்லை. அது இல்லாமல் சக்கரம் சுற்றாது என்ற கட்டாயம்.

குலக்கல்வி நிழலில் ஒரு புதுக் கல்வி

இந்தக் காலகட்டத்தில் தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்ற சொல்லே கொஞ்சம் சூடான சொல். 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில், மீதி நேரம் பெற்றோரின் தொழிலில். "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். அப்பா செய்யும் தொழிலையே மகனும் செய்ய வேண்டுமா என்பதுதான் எதிர்ப்பின் மையம். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

அதே காமராஜர் காலத்தில்தான் நெய்வேலி எழுந்தது. இங்கே சொல்லிக் கொடுக்கப்பட்டதும் கைத்தொழில்தான். ஆனால் யாருடைய அப்பாவும் செய்திராத தொழில். ஏர் ஓட்டியவரின் மகன் டர்னர் ஆகலாம், கூலி வேலைக்குப் போனவரின் மகன் எலக்ட்ரீஷியன் ஆகலாம். பரம்பரை யாருக்கும் இல்லாத தொழில் என்பதால் பிறப்பை வைத்து யாரும் முன்னால் நிற்க முடியாது. ஒரு சான்றிதழ், ஒரு தேர்வு, ஒரு பயிற்சிக் காலம்.

நடைமுறையில் எல்லோருக்கும் கதவு ஒரே மாதிரி திறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஐடிஐ சேரவே குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு எந்த வீட்டுக்கு எட்டியது என்பதில் சாதியும் வசதியும் இருந்தன. தொழிற்பழகுநர் இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு பிற்பாடு சட்டத்திலேயே சேர்ந்தது அதனால்தான். இருந்தாலும், தொழிற்கல்வி என்றால் இருக்கும் இடத்திலேயே இருத்தி வைப்பது என்ற பயத்துக்கு நெய்வேலி ஒரு நேரடி பதிலாக இருந்தது.

ஐடிஐ, அப்ரெண்டிஸ்: ரெண்டும் ஒண்ணா?

நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ரெண்டும் வேறு வேறு.

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1945-ல், படையில் இருந்து திரும்பியவர்களுக்கு வேலையும் பயிற்சியும் தர ஒரு மத்திய அமைப்பு உருவானது. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கும் ஐடிஐ-களுக்கும் மூலம் அதுதான். 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. ஐடிஐ என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் கீழ் வந்தவை. 1956-ல் பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்க ஒரு தேசிய கவுன்சில் அமைந்தது. அதே வருடம்தான் நெய்வேலி நிறுவனமும் பதிவானது.

ஐடிஐ-யில் நீங்கள் பயிற்சிக் கூடத்தில் கற்கிறீர்கள். வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போடுவது, லேத்தில் கடைவது, வரைபடம் படிப்பது எல்லாம் அங்கே. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலை வேறு உலகம். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1973 திருத்தத்தில் டிப்ளமோ, பொறியியல் பட்டதாரிகளும் உள்ளே வந்தார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஐடிஐ என்பது படிப்பு. அப்ரெண்டிஸ் என்பது ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பழகுவது. முதலாவதுக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ். இரண்டாவதுக்குத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ்.

இந்த வரிசையில் வேலை என்ற மூன்றாவது படி ஒன்று இருப்பதாகத்தான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிந்துகொள்ளக் காரணமும் இருந்தது. முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்தது. அடுத்து இரண்டாம் சுரங்கம், 1,470 மெகாவாட் கொண்ட இரண்டாம் அனல்மின் நிலையம். நடுவில் உர ஆலை, லெக்கோ கரி தயாரித்த ஆலை. வளர்ந்துகொண்டே இருக்கும் நிறுவனம் பயிற்சி முடித்தவரை வெளியே அனுப்பினால் நஷ்டம் நிறுவனத்துக்குத்தான். சட்டத்தில் எழுதாத மூன்றாவது படியை அந்த வளர்ச்சி போட்டுக் கொடுத்தது.

ஆர்ச் கேட் என்னும் எல்லைக்கோடு

நெய்வேலி எந்த நாட்டின் எல்லையிலும் இல்லை. ஆனால் ஊருக்குள்ளேயே ஒரு எல்லை இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே போனால் நேர்க்கோட்டுச் சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், நிழல் மரங்கள், குவார்ட்டர்ஸ். நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம், வடலூர், சுரங்கத்தை ஒட்டிய கிராமங்கள்.

உள்ளே ஆரம்பத்தில் இருந்தே கலவைதான். தமிழ்நாட்டின் பல மாவட்டத்துக்காரர்கள், மலையாளிகள், தெலுங்கு பேசுபவர்கள், வட மாநிலத்தவர்கள், ஒரு காலத்தில் சோவியத், ஜெர்மன் நிபுணர்கள். பொதுத்துறை நகரியம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஒரே தெருவில் பொங்கல், ஓணம், ஹோலி மூன்றும் பார்த்து வளர்ந்ததாக நெய்வேலிப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். அது நிஜம்தான்.

ஆனால் யார் எந்தப் படியில் நுழைகிறார்கள் என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதிகாரி பதவிகளுக்கு அகில இந்தியத் தேர்வு. தொழிலாளர் பதவிகளுக்குத்தான் ஐடிஐ, அப்ரெண்டிஸ், உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற வழி. வெளியே இருக்கும் கிராமத்துக்குத் தொழிற்பயிற்சிதான் ஆர்ச் கேட்டுக்குள் போகும் பாஸ்.

அதனால் அதிகாரி தேர்வில் எழும் சர்ச்சையும், அப்ரெண்டிஸ் கோரிக்கையும் ஒரே கோபத்தின் இரண்டு பக்கங்கள். 2022-ல் கேட் தேர்வு மதிப்பெண் வழியே பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டவர் புறக்கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாட்டுக் கட்சிகள் குரல் எழுப்பின. மேல் படி நாடு முழுமைக்கும் பொது. கீழ்ப் படியாவது நமக்கு உறுதியா என்பதுதான் கிராமத்துக் கேள்வி.

கணக்கு எங்கே உடைந்தது?

ஒரே நாளில் உடையவில்லை. நாலு இடத்தில் விரிசல் விட்டது.

ஒன்று, சட்டத்தின் 22-வது பிரிவு. பயிற்சி முடித்தவருக்கு வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, அந்த வேலையை ஏற்க வேண்டிய கட்டாயம் பயிற்சி பெற்றவருக்கும் இல்லை என்று 1961 சட்டமே சொன்னது. பயிற்சி ஒப்பந்தத்திலேயே வேலை நிபந்தனை எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. வேலை தாராளமாக இருந்த காலத்தில் இந்தப் பிரிவை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. வேலை சுருங்கியதும் எல்லாரும் முதலில் படித்த பிரிவு இதுதான்.

இரண்டு, 1995. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற தொழிற்பழகுநருக்கு முன்னுரிமை. வேலைவாய்ப்பு அலுவலகம் பெயர் அனுப்ப வேண்டியதில்லை. வயது வரம்பில் சலுகை. முன்னால் பயிற்சி முடித்தவருக்கு மூப்பு. இன்றுவரை அப்ரெண்டிஸ் முடித்தவர்கள் தூக்கிப் பிடிக்கும் தீர்ப்பு இது. ஆனால் "சமமாக இருந்தால்" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் யார் சமம் என்பதை மதிப்பெண் சொல்லிவிடும்.

மூன்று, 1996. இன்னொரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல் பொது விளம்பரமும் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சம வாய்ப்பு என்ற வகையில் நியாயமான தீர்ப்பு. ஆனால் கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்த ஒருவருக்கு, வரிசையின் நீளம் அன்றைக்கு மாறிப் போனது.

நான்கு, ஒப்பந்த முறை. 1990-களுக்குப் பிறகு பொதுத்துறை முழுக்கவே நிரந்தரப் பணியிடங்கள் சுருங்க, பராமரிப்பு, சுத்தம், சுமை என்று வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போயின. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணி நிரந்தரக் கோரிக்கையும் வேலைநிறுத்தங்களும் பல வருடக் கதை. ஃபிட்டர் சான்றிதழ் வைத்திருப்பவர் அதே ஆலைக்குள் ஒப்பந்தக்காரர் வழியே நுழைகிறார். வேலை அதேதான், அடையாள அட்டைதான் வேறு.

2014-ல் தொழிற்பழகுநர் சட்டம் திருத்தப்பட்டது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 22-வது பிரிவு மாறியது. கொள்கை இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கொள்கையில் எத்தனை பேருக்கு வேலை என்று சொல்லவில்லை.

தொழிலாளி இல்லை, ஆனால் ஆலைக்குள் இருக்கிறார்

இன்னொரு முக்கியமான விஷயம். தொழிற்பழகுநர் சட்டத்தின் 18-வது பிரிவின்படி அப்ரெண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பொதுவான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பிஎஃப், போனஸ் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. அதே நேரம் உடல்நலம், பாதுகாப்பு விதிகள் அவருக்கும் உண்டு. விபத்து நடந்தால் இழப்பீடும் உண்டு.

இது ஏட்டில் இருக்கும் சின்ன வரி மாதிரி தெரியலாம். 2020-ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு முறையும் ஜூலை 1 அன்று இன்னொரு முறையும் கொதிகலன் பகுதியில் விபத்து நடந்து பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நெருப்பு யாருடைய அடையாள அட்டையையும் பார்ப்பதில்லை. பயிற்சி என்பது வேலைக்கான தகுதி மட்டுமில்லை, உயிரோடு வீடு திரும்புவதற்கான தகுதியும்தான். எந்த வால்வை எப்போது தொடக் கூடாது என்பதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காத பயிற்சி, எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் பயிற்சி ஆகாது.

நிலத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம்?

திறந்தவெளிச் சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று தோண்டும் இடம் தீர்ந்தால் அடுத்த வயல். அதனால் நில எடுப்பு 1950-களோடு முடிந்துபோன விஷயம் அல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் கால்வாய் வெட்டிய காட்சியை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கையகப்படுத்திய நிலத்தில் வருடக்கணக்கில் பயிர் செய்ய விட்டு, அறுவடைக்கு முன்னால் அழிப்பதா என்று கேட்டார்கள் விவசாயிகள். போராட்டம் நெய்வேலியில் மோதலாகவும் மாறியது.

2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இந்த இடத்தில் சுவாரசியமான ஒன்றைச் சொல்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மூன்று வழிகள் தருகிறது. திட்டத்தால் வேலைகள் உருவானால், தகுந்த பயிற்சி கொடுத்து, குடும்பத்தில் ஒருவருக்காவது வேலை. இல்லையென்றால் ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய். அதுவும் இல்லையென்றால் மாதம் குறைந்தது 2,000 ரூபாய் வீதம் 20 வருடத்துக்கு, விலைவாசிக்கேற்ப உயர்த்தி.

முதல் வழியை இன்னொரு முறை படியுங்கள். கிராமத்தில் மூன்று தலைமுறையாகப் பேசப்பட்ட "நிலம், பயிற்சி, வேலை" என்ற வரிசை அப்படியே சட்டத்தில் வந்திருக்கிறது. ஆனால் மாற்று வழிகள் பணமாகவும் இருக்கின்றன. வேலை குறைந்த காலத்தில் பணம்தான் முன்னால் வந்து நிற்கும். 2023-ல் என்எல்சி நிலம் கொடுத்த குடும்பத்தினருக்கென்றே தொழிற்பயிற்சியாளர் இடங்களை அறிவித்தது பழைய வரிசைக்குத் திரும்பும் ஒரு முயற்சி. அதிலும் தேர்வு உண்டு, தகுதி உண்டு. அப்பாவின் நிலம் போனபோது தேர்வு எதுவும் வைக்கவில்லையே என்பது அந்தக் குடும்பங்களின் பதில்.

ஜெர்மனியில் இதே நிலக்கரி, இதே பிரச்சினை

நெய்வேலிக்கு எக்ஸ்கவேட்டர் அனுப்பிய ஜெர்மனியிலேயே இதற்கு ஒரு ஒப்பீடு இருக்கிறது. போலந்து எல்லையை ஒட்டிய லாவுசிட்ஸ் பகுதி. அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். அது சோர்பியர்கள் என்ற சிறுபான்மை இனத்தின் தாய்மண். அவர்களுடைய மொழி போலிஷ், செக் மொழிகளுக்கு உறவு. அன்றைய கிழக்கு ஜெர்மனி 1955-ல் அங்கே பெரிய நிலக்கரி ஆலை ஒன்றைக் கட்டத் தொடங்கியது. கிட்டத்தட்ட நெய்வேலியின் வயது. சுரங்கத்துக்காக 100-க்கும் மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன. தொழிலாளர்களுக்காக ஹோயர்ஸ்வெர்டா என்ற சின்ன ஊர் சுமார் 7,000 பேரில் இருந்து 70,000 பேர் வரை வளர்ந்தது. வெளியூர்க்காரர்கள் குவிந்த வேகத்தில் சோர்பிய மொழி பின்னால் போனது.

ஜெர்மன் தொழிற்பயிற்சியில் பிள்ளைகள் வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில். சம்பளத்தோடு, ஒப்பந்தத்தோடு. உலகமே புகழும் முறை. ஆனாலும் 1990-ல் ஜெர்மனி ஒன்றான பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடியபோது அந்தப் பயிற்சி ஊரைக் காப்பாற்றவில்லை. சான்றிதழ் இருந்த இளைஞர்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள். ஹோயர்ஸ்வெர்டாவின் மக்கள்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது.

அதில் இருந்து ஜெர்மனி ஒரு பாடம் கற்றது. 2038-க்குள் நிலக்கரியை நிறுத்துவது என்று 2020-ல் சட்டம் போட்டபோது, நிலக்கரிப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கும் இன்னொரு சட்டத்தையும் சேர்த்தே போட்டார்கள். சுரங்கம் மூடிய பிறகு யோசிக்காமல், மூடும் முன்பே புது வேலைகளுக்கு வழி செய்வது. பயிற்சி மட்டும் போதாது, பயிற்சி போய்ச் சேர ஒரு வேலை அதே ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம்.

லிக்னைட்டுக்குப் பிறகு?

நெய்வேலியில் அந்த மாற்றம் மெல்லத் தொடங்கிவிட்டது. ஊரையே உருவாக்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. நிறுவனத்தின் பெயரே 2016-ல் என்எல்சி இந்தியா என்று மாறியது. ராஜஸ்தானில் சுரங்கம், பல இடங்களில் சூரிய மின்சாரம், புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கெனத் தனித் துணை நிறுவனம் என்று அது வெளியே பரவுகிறது.

சூரிய மின் பூங்காவுக்கு பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வேண்டாம். சுரங்கம் அளவுக்கு ஆளும் வேண்டாம். வெல்டருக்கும் பெல்ட் மெக்கானிக்குக்கும் அங்கே இடம் குறைவு. இன்வெர்ட்டர், பேட்டரி, கட்டுப்பாட்டு மென்பொருள் தெரிந்தவருக்குத்தான் இடம். தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபோ, சிஎன்சி, மின் வாகனப் பராமரிப்பு எல்லாம் பாடத்தில் வந்துவிட்டன. பாடம் மாறுவது நல்லது. ஆனால் அந்தப் புதுப் பாடத்துக்கு வேலை ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் இருந்தால், நிலம் கொடுத்த ஊருக்கு அது இன்னொரு பஸ் டிக்கெட்தான்.

இப்போது விண்ணப்பிக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

* உங்கள் தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பயிற்சிக்குப் பின் வேலை பற்றி ஏதாவது நிபந்தனை இருந்தால் 22-வது பிரிவின்படி அது இரு தரப்பையும் கட்டும். இல்லையென்றால் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

* ஒப்பந்தம் பதிவானதா என்று பாருங்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளம், டிப்ளமோ, டிகிரிக்கு நாட்ஸ் தளம். பதிவு இல்லாத பயிற்சிக்குச் சான்றிதழ் வராது.

* உதவித்தொகைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச வரம்பு உண்டு. 2019 விதித் திருத்தத்தில் அது தகுதியைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை அறிவிப்பில் பாருங்கள்.

* பாதுகாப்பு உபகரணமும் பாதுகாப்புப் பயிற்சியும் உங்கள் உரிமை. அப்ரெண்டிஸ்தானே என்று யாராவது சொன்னால், அந்த விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்.

* ஐடிஐ-யோடு நிறுத்த வேண்டாம். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும்.

* பயிற்சி முடித்த தேதி, பேட்ச் விவரம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். 1995 தீர்ப்பின் முன்னுரிமை, வயதுச் சலுகை, மூப்பு மூன்றுக்கும் அதுதான் ஆதாரம்.

கேட்க வேண்டிய கேள்வி

இந்த 70 ஆண்டுகளில் நெய்வேலி பயிற்சி கொடுப்பதை நிறுத்தவே இல்லை. பிளாக் 20-ல் இருக்கும் கற்றல் மேம்பாட்டு மையம் இன்றும் அப்ரெண்டிஸ் விண்ணப்பங்களை வாங்குகிறது. 2019 விதிப்படி நிறுவனங்கள் தங்கள் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். அதனால் அறிவிப்பு இனியும் வரும், ஃபார்வர்டும் வரும்.

ஆனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் இத்தனை இடங்கள் என்ற எண்தான் இருக்கிறது. போன வருடம், அதற்கு முந்தைய வருடம் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கே வேலை, எத்தனை பேருக்கு வெளியே, எத்தனை பேர் ஒப்பந்தத்தில், அதில் நிலம் கொடுத்த குடும்பங்கள் எத்தனை என்ற எண்ணும் அதே அறிவிப்பில் வர வேண்டும். பயிற்சி முடித்தவர்களை எடுப்பதற்கு ஒரு கொள்கை வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, அந்தக் கொள்கையின் பலன் என்ன என்று கேட்பதில் தப்பில்லையே.

"பெர்மனன்ட்டா?" என்று கேட்பவருக்கு இப்போதைக்கு இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். அந்த எண்கள் கையில் இருந்தால், வீட்டில் உட்கார்ந்து ஐடிஐ-யா, பாலிடெக்னிக்கா, இந்த ஒரு வருடத்தை இதில் போடலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.